கடைசி ஐந்து மீட்டர்

கையில் ஒரு செல்போன். திரையில் ஓர் அம்புக்குறி. 'இன்னும் 40 மீட்டர்', 'இன்னும் 20 மீட்டர்' என்று எண் குறைந்துகொண்டே வருகிறது. சுற்றிலும் கும்மிருட்டு. '5 மீட்டர்' என்று வந்ததும் அம்புக்குறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடத் தொடங்கிவிடும். இனி போனை நம்பிப் பயனில்லை. டார்ச் அடித்து, கல்லைப் புரட்டி, மரப்பொந்தைத் தடவி, எவரோ ஒளித்துவைத்த சின்ன டப்பாவைத் தேடுகிறவரேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

'ஜியோகேச்சிங்' என்ற விளையாட்டு இது. செயற்கைக்கோள் துணையோடு ஆடும் புதையல் வேட்டை. 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 30 லட்சத்துக்கும் அதிகமான டப்பாக்கள் இப்படி ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன. ஒளித்தவர் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுவார். தேடிப் போகிறவர் டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கும் குட்டி நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதே மதிப்புள்ள இன்னொன்றை வைக்க வேண்டும். பரிசு, பணம் எதுவும் கிடையாது. தேடியதும் கண்டதும்தான் லாபம்.

ஒரு வாளியில் தொடங்கிய கதை

2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. பொதுமக்களின் கருவி 100 மீட்டர் வரைகூடத் தவறாகக் காட்டும். மே 2-ம் தேதி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே, மே 3 அன்று, ஒரேகான் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் உல்மர் என்பவர், 'இப்போது எவ்வளவு துல்லியம் என்று பார்ப்போமே' என்று ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காட்டோரம் வைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டின். சில நாள்களுக்குள் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். விளையாட்டு பிறந்துவிட்டது.

அதிலிருந்து கிளைத்ததுதான் இரவு வேட்டை. சில டப்பாக்களை இரவில் மட்டுமே தேட முடியும். வழிநெடுக மரங்களில், ஒளியை எதிரொளிக்கும் குண்டூசித் தலை அளவு ஆணிகளை அடித்து வைத்திருப்பார்கள். பகலில் அந்தப் பக்கம் நூறு தடவை நடந்தாலும் கண்ணில் படாது. இரவில் டார்ச் அடித்தால் பூனைக் கண்போலப் பளிச்சிடும். ஒன்றைக் கண்டால், அங்கே நின்று அடுத்ததைத் தேட வேண்டும்.

இதில் ஆட்களை இழுப்பது எது? பழகிய இடமே இரவில் வேறு இடமாகிவிடுகிறது. பகலில் கண்ணே எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. இரவில் காதும் மூக்கும் பாதமும் விழித்துக்கொள்கின்றன. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, காலடியில் இருப்பது மணலா சேறா, தண்ணீர்ச் சத்தம் எவ்வளவு தொலைவில் என்பதெல்லாம் திடீரென்று முக்கியமாகிவிடும்.

கஷ்டமும் அங்கேயேதான். திறந்த வானத்தின் கீழ் நல்ல செல்போன் காட்டும் இடத்தில்கூட ஏறக்குறைய 5 மீட்டர் பிழை இருக்கும். மரமோ கட்டடமோ மறைத்தால் இன்னும் அதிகம். இருட்டில் 5 மீட்டர் என்பது பெரிய தூரம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். போன் திரையை ஒரு தரம் பார்த்தால் போதும், பழகியதெல்லாம் போய்விடும். வழிகாட்டும் கருவியே கண்ணைக் கட்டிவிடுகிறது.

பழவேற்காட்டு இரவு

இந்தக் கடைசி ஐந்து மீட்டரைப் பிழைப்பாகவே அறிந்தவர்கள், சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டி, பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களில் இருக்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று வரிசையாக ஊர்கள். ஒரு பக்கம் உப்பங்கழி, ஒரு பக்கம் வங்காள விரிகுடா. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டதும் இந்த ஊரில்தான்.

ஏரியின் பெரும்பகுதியில் ஆழம் அதிகமில்லை. பல இடங்களில் இறங்கி நடந்தே போகலாம். ஆனால், எங்கே நடக்கலாம், எங்கே சேறு இழுக்கும், எங்கே ஓடை குழிந்து போகிறது என்பதற்கு மேலே எந்த அடையாளமும் இல்லை. பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே தண்ணீர்தான். ஏரியில் இறங்குகிறவருக்கு அது வீதியும் சந்தும் முட்டுச்சந்துமாகப் பிரிந்து கிடக்கும் ஊர்.

அந்த ஊருக்குப் பட்டாவும் உண்டு. 'பாடு' என்பது அதன் பெயர். ஏரியில் கழிகளை ஊன்றிக் கட்டும் வலைகளுக்கு இன்ன இன்ன இடம் என்று பாடுகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் பாட்டில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டும் முறைவைத்தும் ஊரே தீர்மானிக்கும். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் எல்லோருக்கும் சுற்றி வர வேண்டும் என்பதுதான் கணக்கு. இது தலைமுறைகளாக வரும் ஏற்பாடு. பழவேற்காட்டுப் பாட்டு முறையை மீன்வள ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

இறாலுக்குப் பகலைவிட இரவே நடமாடும் நேரம். பகலில் அது சேற்றுக்குள் பதுங்கிக் கிடக்கும். ஆகவே, இறாலை நம்பிய பிழைப்பு இருட்டை நம்பிய பிழைப்பாகிவிடுகிறது. நிலா இல்லாத இரவில், பரந்த தண்ணீரில், தன் முறைக்குரிய பாட்டைக் கண்டுபிடித்துப் போக வேண்டும். நாலு கழி தள்ளிப் போனால் அது இன்னொருவர் பாடு. விளையாட்டில் 5 மீட்டர் தவறினால் டப்பா கிடைக்காது, அவ்வளவுதான். இங்கே தவறினால் அடுத்தவர் சோற்றில் கைவைத்ததாகிவிடும்.

இதே ஏரியில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். ஓலையால் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். கலங்கல் தண்ணீரில் பட்டப்பகலில்கூட உள்ளே எதுவும் தெரியாது. விரலில் தட்டுப்படுவது கிளிஞ்சலா, இறாலா, கெளுத்தி முள்ளா என்று தொட்ட கணத்தில் தெரிந்தாக வேண்டும். கெளுத்தி குத்தினால் கை வீங்கிவிடும். அன்றைய வேலை போச்சு. எந்தச் செயற்கைக்கோளும் இந்த இடத்தில் உதவிக்கு வராது.

எண்கள் வந்த பிறகு

கடலுக்குப் போகிறவர்களுக்கு எண்கள் நிறையவே உதவுகின்றன. ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான 'இன்காய்ஸ்', மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களைக் கணித்துச் சொல்கிறது. கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும், தண்ணீரின் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியே அளந்து, 'இந்தக் கரையிலிருந்து இந்தத் திசையில் இத்தனை கிலோமீட்டர், இத்தனை ஆழம்' என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு தருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'மீனவர் நண்பன்' வகைச் செயலியில் அலை உயரம், காற்று, எல்லைக்கோடு எச்சரிக்கை எல்லாம் தமிழிலேயே கிடைக்கின்றன. யோசித்துப் பார்த்தால் இதுவும் புதையல் வேட்டைதான். என்ன, புதையல் ஒரே இடத்தில் நிற்காமல் நீந்திக்கொண்டே இருக்கும்!

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. இந்தியாவின் சொந்த வழிகாட்டி ஏற்பாடான 'நாவிக்' தொகுதியின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று இரவு 11.41 மணிக்கு அங்கிருந்துதான் கிளம்பியது. இடம் சொல்லும் கருவி, பழவேற்காட்டுக்காரர்களின் தலைக்கு மேலேயே இரவைப் பகலாக்கிக்கொண்டு போயிருக்கிறது. ராக்கெட் விடும் நாளில் குறிப்பிட்ட கடற்பகுதிக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பும் அவர்களுக்குத்தான் முதலில் வரும்.

ஆனால், எண்களால் முடியாத ஓர் இடம் இங்கே இருக்கிறது. அதுதான் முகத்துவாரம். ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் சந்திக்கும் அந்த வாய், நின்ற இடத்தில் நிற்பதில்லை. அலை மணலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் குறுகும். சில ஆண்டுகளில் அடைத்தே போகும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறு பெருகி வந்தால் மறுபடி திறக்கும். அதை நிலையாக வைத்திருக்கத் தடுப்புச் சுவர் வேண்டும் என்பது இந்தக் குப்பங்களின் நெடுநாள் கோரிக்கையாக இருந்தது.

விடியலுக்கு முன்னால் ஃபைபர் படகு அந்த வாயைத் தாண்ட வேண்டும். போன மாதம் ஜி.பி.எஸ்-ல் குறித்துவைத்த புள்ளி இன்று மணல்மேடாக இருக்கலாம். கருவியின் மேல் தவறில்லை. அது சரியான இடத்துக்குத்தான் கொண்டுபோகிறது. இடம்தான் மாறிவிட்டது. அப்போது படகின் முன்னால் நிற்பவர் அலை உடையும் சத்தத்தைக் கேட்டு, எங்கே சத்தம் தணிகிறதோ அங்கே ஆழம் என்று கணித்து, கையைக் காட்டுகிறார். பின்னால் எஞ்சினைப் பிடித்திருப்பவர் அந்தக் கையை நம்பித் திருப்புகிறார். குறுக்கே விழும் ஓர் அலை போதும், படகு கவிழ.

இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் கருவியை அப்பாக்களைவிட வேகமாகக் கையாள்கிறார்கள். அது நல்லதுதான். கரை தெரியாத தூரத்தில், மூடுபனியில், அது எத்தனையோ உயிரைக் காக்கும். ஆனால், சத்தம் கேட்டு ஆழம் சொல்லும் வித்தையை எந்தச் செயலியிலும் இறக்கிக்கொள்ள முடியாது. அது படகில் பக்கத்தில் நின்று, பல இரவுகளில், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போக வேண்டிய சரக்கு. வெளியூர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் அதிகமாக ஆக, அந்த இரவுகள் குறைகின்றன.

மணலுக்குள் ஒரு புதையல்

கடலோரத்தில் இரவில் மட்டுமே தேட முடிகிற நிஜப் புதையல் ஒன்றும் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலைத் தள்ளி மூடி, உடம்பால் அமுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஒளித்துவைப்பதில் எந்த விளையாட்டுக்காரரும் ஆமையை மிஞ்ச முடியாது.

சென்னையில் மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இந்தக் கூடுகளைத் தேடி இரவில் நடக்கிறது. அவர்கள் கையில் எண்களே கிடையாது. மணலில் சின்ன டிராக்டர் டயர் போன தடம்போல ஆமையின் சுவடு தெரியும். அது போய்த் திரும்பும் இடத்தில் எங்கோ கூடு. குச்சியால் மெல்ல ஊன்றிப் பார்த்து, மணல் எங்கே இளகி உள்வாங்குகிறதோ அங்கே கையால் தோண்டுவார்கள். முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவார்கள். ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும்.

2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் சென்னையை ஒட்டிய கரைகளில் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கி, மேலே வந்து மூச்சு விட முடியாமல் மூழ்கியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அப்படிப்பட்ட காலத்தில் ஒவ்வொரு கூடும் கணக்கில் வரும்.

இங்கே டார்ச் வெளிச்சமே ஆபத்து. வெளிச்சம் கண்டால் கரையேறும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். குஞ்சுகளோ, பிரகாசமான பக்கம்தான் கடல் என்று நினைத்துத் தெருவிளக்கை நோக்கி ஊர்ந்து போய்விடும். ஆகவே, ஆமை நடையில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் நடக்கச் சொல்வார்கள். இருட்டுக்குக் கண் பழகிய பிறகு, நட்சத்திர வெளிச்சத்திலேயே மணலும் சுவடும் தெரிய ஆரம்பிக்கும்.

விளையாடலாம்... எங்கே?

'அப்படியென்றால் பழவேற்காட்டிலேயே ஒரு டப்பாவை ஒளித்துவைத்து இரவில் ஆடினால் என்ன?' என்று இளசுகளுக்குத் தோன்றும். தோன்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பக்கத்திலேயே ராக்கெட் தளம். 2008 மும்பைத் தாக்குதல்காரர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு கடல் வழியாகத்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு கடலோரப் பாதுகாப்பு மொத்தமாக மாறிவிட்டது. 'சாகர் கவச்' என்ற பெயரில் ஒத்திகைகள் நடக்கின்றன. அந்நிய ஆளோ படகோ தென்பட்டால் உடனே தகவல் சொல்லும்படி மீனவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நள்ளிரவில் டார்ச்சும் போனுமாகக் கரையோரம் குனிந்து எதையோ தேடுகிறவரைக் குப்பத்து ஆட்கள் நிறுத்திக் கேட்டால், அது அவர்கள் கடமை.

கேட்பாரற்ற டப்பாவும் ஆபத்துதான். 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில், ஒரு கடை வாசலில் ஒளித்துவைத்த விளையாட்டு டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்து, தெருவையே காலி செய்து, நிபுணர்கள் வந்து வெடிக்க வைத்தார்கள். அமைதியான சின்ன ஊருக்கே அந்தக் கதி. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கைக்கருவிகளை இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் சிலர் தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்திலேயே சிக்கியிருக்கிறார்கள். சாதாரண செல்போனில் உள்ள ஜி.பி.எஸ்-க்கு அந்தத் தடை இல்லை.

ஏரி, பறவைகள் சரணாலயமும்கூட. பூநாரைகள் வந்து தங்கும் குளிர்கால இரவில் அங்கே வெளிச்சம் அடித்துத் திரிவது சட்டப்படியும் தவறு, பறவைக்கும் தொல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். 2011 டிசம்பர் 25 அன்று, பகல் வெளிச்சத்தில், உல்லாசமாகப் படகில் போன 22 பேர் இந்த ஏரியில் கவிழ்ந்து இறந்தார்கள். இடுப்பளவு தண்ணீர் என்ற நினைப்பு யாரையும் காப்பாற்றாது.

இரவுத் தேடலின் ருசியை அறிய ஆசைப்படும் குடும்பங்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஆமைப் பருவத்தில், வார இறுதி இரவுகளில் சென்னைக் கடற்கரையில் தன்னார்வலர்களோடு பொதுமக்களும் நடக்கலாம். பத்து வயதுப் பிள்ளையும் தாத்தாவும் சேர்ந்தே போகலாம். டார்ச்சும் ஃபிளாஷும் கூடாது, கூச்சல் கூடாது, வழிநடத்துகிறவர் சொல்வதை மீறக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

வீட்டு மொட்டைமாடியோ தெரிந்தவர் தோப்போ இருந்தால், உரியவர் அனுமதியோடு அங்கேயே ஆடலாம். டப்பாவின் மேல் பெயரையும் போன் நம்பரையும் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். மண்ணில் புதைக்கக் கூடாது. பகலிலேயே ஒரு தரம் போய்க் கிணறு, கம்பி, பாம்புப் புற்று எங்கே என்று பார்த்து வந்துவிட வேண்டும். தனியாக யாரும் போகக் கூடாது. மூடிய செருப்பு, கூடுதல் டார்ச், வீட்டில் ஒருவருக்குத் தகவல் இவை கட்டாயம். சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் என்றால் கண் கூசாது.

முதல் இருபது நிமிடம் எந்த வெளிச்சமும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னால் பிள்ளைகள் முதலில் முனகத்தான் செய்வார்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள்: அந்தப் பக்கம் தென்னை அசைகிறது, இந்தப் பக்கம் தண்ணீர் சொட்டுகிறது, தூரத்தில் ரயில் போகிறது என்று. தேடலை அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம்.